குழியிலிருந்து வந்த பதில்

பிப்ரவரி 9

மச்சானுக்கு,

நீங்கள் என் போனை எடுப்பதில்லை. உங்கள் தங்கை போட்டால் இரண்டாவது மணிக்கே எடுக்கிறீர்கள், அதே வீட்டிலிருந்து நான் போட்டால் அடித்து ஓய்கிறது. அதனால் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. சுற்றி வளைக்க எனக்கு வராது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

நீங்கள் வேலையை விட்டுப் போன பிறகு லிப்ட் பராமரிப்புக் குழுவுக்கு என்னைப் பொறுப்பாளர் ஆக்கினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நாற்பத்தாறு லிப்ட், நான்கு பேர். நெட்டை, வாத்தியார், எலக்ட்ரீஷியன் அம்மா, விரல்கள் போன பிறகு பாட்டையும் நிறுத்திவிட்டுச் சாமான் அறையில் உட்கார்ந்திருக்கும் பாட்டுக்காரர். எல்லாம் உங்கள் ஆட்கள்தான். உங்களிடம் வாயாடியவர்கள் என்னிடம் "சரி சார்" என்கிறார்கள். எதைச் சொன்னாலும் "சரி சார்". பத்து மாதமாக அந்த இரண்டு வார்த்தையோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, பெரிய அலுவலகக் கட்டடத்தில், நான்காம் மாடியில் கதவு திறந்தபடியே லிப்ட் மேலே ஏறியது. கைக்குழந்தையோடு ஒரு பெண் ஒரு காலை உள்ளே வைத்திருந்தாள். காவலாளி பின்னாலிருந்து அவள் துணியைப் பிடித்து இழுத்திருக்கிறார். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள், குழந்தை உட்பட யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் போய்க் கதவுப் பூட்டைத் திறந்து பார்த்தேன். உள்ளே விரல் நீளத்துக்குச் சிவப்புக் கம்பி. கதவு திறந்திருக்கும்போதே மூடிவிட்டது என்று லிப்டை ஏமாற்ற நாம் சோதனைக்குப் போடுவோமே, அதே கம்பி. ஐந்து நிமிஷத்துக்குப் போட்டுவிட்டு எடுக்க வேண்டியது. யாரோ எடுக்க மறந்திருக்கிறார்கள்.

மறப்பது மனுஷ குணம். யார் என்று கேட்டேன். "தெரியலை சார்." நான்கு பேரும்.

இதுகூடப் பெரிதில்லை மச்சான். சோதனைப் பையில் எப்போதும் இரண்டு சிவப்புக் கம்பி இருக்கும். இப்போது பை காலி. ஒன்று என் சட்டைப்பையில் இருக்கிறது. இன்னொன்று எங்கே? மீதி நாற்பத்தைந்து லிப்டில், முந்நூறுக்கும் மேற்பட்ட மாடிக் கதவுகளில், ஏதோ ஒன்றுக்குள் இருக்கிறது. போட்டவருக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்கிறார். அலுவலகத்தில் எல்லா லிப்டையும் நிறுத்தலாமா என்று கேட்டேன். "சந்தேகத்துக்கெல்லாம் நிறுத்த முடியுமா? யார் போட்டாங்கன்னு பேரைக் கொண்டு வாங்க" என்றார் மேலாளர்.

தினமும் வேலை முடிந்த கையோடு ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்கிறேன். இதுவரை முப்பத்தொன்று.

உங்களிடம் மட்டும் எப்படி எல்லாவற்றையும் சொன்னார்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் தங்கையின் கணவன்


பிப்ரவரி 17

மாப்பிள்ளைக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

காது சரியில்லாதவனிடம் வந்து யோசனை கேட்கிறீர்கள். விசாரணையில் அப்படித்தானே எழுதி வைத்தார்கள்? "பதில் வராமலேயே பதில் வந்ததாக நினைத்து மின்சாரம் கொடுத்தார்." அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்.

நான் என்ன செய்தேன் என்று இன்னொரு முறை சொல்கிறேன், யாராவது ஒருத்தராவது கேட்டுக்கொள்ளுங்கள். நான் மேலே மோட்டார் அறையில் சுவிட்ச் பக்கத்தில். பாட்டுக்காரர் லிப்ட் பெட்டியின் தலைமேல், கம்பிவடத்துச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டு. நீங்கள் அடியில், குழிக்குள். வடம் இறங்கும் துவாரத்தில் வாயை வைத்து "ஆச்சா?" என்று கேட்டேன். "ஆச்சு ஆச்சு" என்று பதில் வந்தது. போட்டேன். சுவிட்ச் போட்டதும் பெட்டி தானாகத் தரைத்தளத்துக்கு இறங்கும், அது அதன் வழக்கம். அவருடைய வலது கை வடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது. மூன்று விரல்.

பாட்டுக்காரர் தான் சொல்லவில்லை என்றார். நீங்கள் "நான் யாருக்கும் எந்தப் பதிலும் கொடுக்கலை" என்றீர்கள். அப்படியென்றால் எனக்குப் பதில் சொன்னது யார், சுவரா?

உங்கள்மேல் எனக்குள்ள வருத்தம் அதுவல்ல. உண்மையைச் சொன்னீர்கள், சொல்லாமல் என்ன செய்வீர்கள். ஆனால் அதற்கப்புறம் ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கலாம். வரவில்லை. நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பிய அன்றுகூடத் தங்கச்சி மட்டும்தான் வந்தாள்.

இங்கே கண்ணாடிச் சாமான் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். தனி அறை. யாரும் எதையும் கேட்க வேண்டாம், நானும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். காதுக்கு மூன்று இடத்தில் சோதனை செய்தாகிவிட்டது. மூன்று பேரும் நன்றாகக் கேட்கிறது என்கிறார்கள். காது நல்ல காது என்றால் கெட்டது எது? தலையா? மகள் "அப்பா" என்று கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை நான். நிஜமாகவே கூப்பிட்டாளா என்று இரண்டாவது தடவைக்குக் காத்திருக்கிறேன். தெருவைக் கடக்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். அவளுக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

என்னிடம் ஏன் சொன்னார்கள் என்றா கேட்டீர்கள்? நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பொறுப்புக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு லிப்டின் பிரேக்கைத் தப்பாக மாட்டிவிட்டேன். மறுநாள் காலையில் டீ குடிக்கும்போது அதைச் சொல்லி நானே சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். அதற்கடுத்த நாளே நெட்டை வந்து தன் தப்பு ஒன்றைச் சொன்னான். அவ்வளவுதான், வேறு வித்தை கிடையாது.

அந்தக் கம்பியைத் தேடுங்கள். எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.


மார்ச் 1

மச்சானுக்கு,

எழுத வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். தொண்ணூற்றாறு கதவு பார்த்துவிட்டேன். இல்லை.

மேலாளர் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார். குழுவாக வேலை செய்வது எப்படி என்று. வந்தவர் நல்ல மனுஷர், வழவழவென்று சட்டை, கழுத்தில் விசில். பலகையில் "நம்பிக்கை" என்று பெரிதாக எழுதினார். பிறகு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் சாய வேண்டும், மற்றவர்கள் பிடிக்க வேண்டும் என்றார். முதலில் வாத்தியார் சாய்ந்தார். நெட்டை பிடிப்பான் என்று எலக்ட்ரீஷியன் அம்மா நின்றார், அம்மா பிடிப்பார் என்று நெட்டை நின்றான். வாத்தியார் நாற்காலிமேல் விழுந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டு "சரி சார்" என்றார். பத்து மாதத்தில் அன்றைக்குத்தான் எல்லாரும் சேர்ந்து சிரித்தோம்.

அப்புறம் என் முறை. "நீங்கதான் தலைவர், சாய்ங்க சார், பிடிப்பாங்க" என்றார் பயிற்சிக்காரர். கண்ணை மூடினேன். சாய முடியவில்லை மச்சான். அவர் விசில் ஊதிப் பார்த்தார். நான் நட்டு வைத்த கம்பம்போல் நின்றேன். அறையில் சிரிப்பு நின்றுபோனது.

மறுநாள் நீங்கள் எழுதிய வழியில் பாதியை முயன்றேன். எல்லாரையும் சாமான் அறையில் கூட்டி, "யார் போட்டிருந்தாலும் ஒன்னும் செய்ய மாட்டேன், எந்த லிப்டுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். ஒருத்தர் ஷூவை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்காரர் இடது கையால் திருகாணிகளைப் பிரித்துப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டே சொன்னார்: "யாராவது ஒருத்தர் மொதல்ல ஆரம்பிக்கணும் தம்பி. மேல இருக்கறவங்க ஆரம்பிச்சா நல்லாருக்கும்."

என்னைப் பார்த்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து சாமான் அறைப் பக்கம் போகாமல் வாத்தியாரை அனுப்புகிறேன்.

நான் அந்த வார்த்தையை வேலை இடத்தில் தடை செய்திருக்கிறேன். "ஆச்சு" என்று யாரும் சொல்லக் கூடாது. அப்படியும் சுவிட்சில் கை வைக்கும்போது விரல் மரத்துப்போகிறது.

வீட்டிலும் பயம்தான். உங்கள் தங்கை இப்போதெல்லாம் என்னிடம் எதையும் கேட்பதில்லை. தட்டை வைக்கிறாள், போகிறாள். மச்சான், உங்களிடம் ஒன்று

இல்லை, வேண்டாம். அடுத்த கடிதத்தில் பார்க்கலாம்.


மார்ச் 8

மாப்பிள்ளைக்கு,

நேற்று தங்கச்சி போன் செய்தாள். வழக்கமான குசலம் எதுவும் இல்லை. எடுத்தவுடனே, "அண்ணா, அன்னிக்கு அது நடந்தப்போ மணி எத்தனை?" என்றாள்.

ஒன்று பத்து என்றேன். விசாரணைத் தாளில் இருக்கிறது, அதுவும் எனக்கு மனப்பாடம்தான்.

"சரியா ஒன்னு பத்தா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். பிறகு அழ ஆரம்பித்தாள். என்னம்மா என்று கேட்டால் "ஒன்னுமில்லண்ணா, அவர்கிட்ட நான் கேட்டேன்னு சொல்லாத" என்று வைத்துவிட்டாள்.

சொல்லாதே என்றதை உங்களிடம் சொல்கிறேன். ஏனென்றால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை மாதம் கழித்து அவளுக்கு மணி எதற்கு? போன கடிதத்தில் ஏதோ ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினீர்கள். அது என்ன?

உடனே எழுதுங்கள்.


மார்ச் 12

மச்சான்,

நான்தான்.

அன்றைக்கு ஒன்று பத்துக்கு நான் குழிக்குள் இருந்தபோது உங்கள் தங்கை போன் செய்தாள். குழியில் சரியாகக் கேட்காது, கத்தித்தான் பேச வேண்டும். அவள் எப்போதும் கேட்பதைக் கேட்டாள், "சாப்பாடு ஆச்சா?" என்று. நானும் எப்போதும் சொல்வதைச் சொன்னேன். உண்மையில் சாப்பிடக்கூட இல்லை. வேலையைப் போட்டுவிட்டு ஏன் சாப்பிடவில்லை என்று அவள் ஆரம்பிப்பாளே என்று, "ஆச்சு ஆச்சு" என்று கத்தினேன்.

நீங்கள் மேலே கேட்டது என் காதில் விழவில்லை. நான் சொன்னது உங்கள் காதில் விழுந்துவிட்டது. அந்தச் சுவர்களுக்கு நடுவில் எல்லார் குரலும் ஒரே குரல்தான், அது நம் எல்லாருக்கும் தெரியும். பெட்டி நகர்ந்தது. பாட்டுக்காரர் அலறினார். போன் என் கையில் அப்படியே இருந்தது. அந்த அலறலை அவளும் கேட்டிருக்க வேண்டும். நான் கட் செய்தேன். அது வேறு சத்தம், அது நடந்தது உன் போனுக்கு அரைமணி கழித்து என்று பிறகு அவளிடம் சொன்னேன். நம்பினாள், அல்லது நம்பப் பார்த்தாள். அன்றிலிருந்து சாப்பாட்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

விசாரணையில் "யாருக்கும் எந்தப் பதிலும் கொடுக்கலை" என்றேன். உங்களுக்குக் கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் பயம். அதற்கு மறுநாள் இன்னும் பயம். பிறகு உங்கள் இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்களே என்று அதையும் வாங்கிக்கொண்டேன். நீங்கள் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று தெருமுனைவரை வந்தேன். லாரியில் உங்கள் கட்டிலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய்விட்டேன்.

இந்த வாயை வைத்துக்கொண்டுதான் அந்த நான்கு பேரிடம் தப்பைச் சொல்லுங்கள், ஒன்றும் செய்ய மாட்டேன் என்று கேட்கிறேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. கதவு நூற்று நாற்பத்திரண்டு பார்த்திருக்கிறேன். கம்பி இன்னும் கிடைக்கவில்லை.


மார்ச் 18

நீ எழுதியதைப் படித்தேன்.

போன் செய்தால் வாயில் நல்ல வார்த்தை வராது, அதனால் எழுதுகிறேன். மரியாதையெல்லாம் இந்தக் கடிதத்தில் தேடாதே.

மூன்று தடவை காதுக்குள் குழாயை விட்டுப் பார்த்தார்கள். என் மனைவி என்னிடம் பேசும்போது முகத்துக்கு நேரே வந்து நின்று பேசுகிறாள். என் மகள் கூப்பிட்டதை நம்பாமல் நின்றிருக்கிறேன் நான். என் தலைக்குள் ஏதோ கழன்றுவிட்டது, ஒருநாள் முழுசாகக் கழன்று இவர்களையும் ஏதாவது செய்துவிடுவேன் என்று கேஸ் அடுப்பைக்கூடத் தொடாமல் இருக்கிறேன். பத்து மாதம். நீ என் தங்கை சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மகளை அடுத்த அறைக்குப் போகச் சொன்னேன். ஏதாவது மெதுவாகச் சொல் என்றேன். சொன்னாள். எனக்குக் கேட்டது. இன்னும் மெதுவாக என்றேன். அதுவும் கேட்டது. நான் அழுததைப் பார்த்து அவள் பயந்துவிட்டாள்.

என்னிடம் வராதே. வந்தால் அடிப்பேன். முதலில் பாட்டுக்காரரிடம் போ. இது கைக்கு வந்த அன்றே போ. அப்புறம் மற்ற மூன்று பேர். அப்புறம் அலுவலகம். இந்த வரிசையை மாற்றாதே. கம்பி எங்கே இருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்குத் தெரியும். உன்னைப்போல அவனும் தினமும் நாளைக்கு, நாளைக்கு என்று ஓட்டிக்கொண்டிருப்பான். யாராவது செத்துவிட்டால் அதன்பிறகு சொல்லவே மாட்டான். உனக்கே தெரியும் அது எப்படி என்று.


மார்ச் 27

மச்சானுக்கு,

அப்படிக் கூப்பிட உரிமை இருக்கிறதா தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

உங்கள் கடிதம் மூன்று நாள் முன்னால் காலை பதினொரு மணிக்கு அலுவலகத்துக்கு வந்தது. படித்த கையோடு சாமான் அறைக்குப் போனேன். பாட்டுக்காரர் நின்றுகொண்டு ஏதோ பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார், இடது கையால். உட்காராமலேயே சொன்னேன். சொல்லும்போது அவர் கையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், அதைத்தான் பார்த்தேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நான்தான் சொல்லிட்டேனோன்னு இருந்தேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. "பாடிட்டிருந்தேன்ல அன்னிக்கு. பாட்டுக்கு நடுவுல அந்த வார்த்தை வந்துருச்சோன்னு... எந்தப் பாட்டுன்னு ஞாபகம் இல்ல. எத்தனையோ பாட்டை மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டேன். விசாரணையில சொல்லலைன்னு சொன்னேன், ஆனா எனக்கே உறுதியில்ல. உங்க மச்சான் என்னாலதான் போனாருன்னு..." பிறகு வெளியே போகச் சொன்னார். "மூஞ்சியப் பார்க்க முடியல, போயிடுங்க" என்றார். போனேன்.

அவர் பாடுவதை நிறுத்தியது வலியால் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம், மச்சான்.

மதியம் மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டேன். அதையே சொன்னேன், போன் வந்ததிலிருந்து தெருமுனைவரை. எலக்ட்ரீஷியன் அம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பத் துடைத்தார். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை.

நெட்டை எழுந்தான். "முதியோர் இல்லம் சார். ரெண்டாவது லிப்ட், மூணாவது மாடி. ரெண்டு கம்பியும் நான்தான். அந்த வாரம் அப்பாவுக்கு முடியலைன்னு ரெண்டு எடத்துலயும் பாதி வேலையில போன் வந்துச்சு, அப்படியே ஓடிட்டேன். அப்புறம் நீங்க கேட்டப்போ... வேலை போயிடும்னு, தனியாப் போய் எடுத்தாலும் மாட்டிக்குவேன்னு..."

இல்லம் அடுத்த தெருதான், வண்டி எடுக்க நேரமில்லை, ஓடினோம். வாத்தியார் போனில் அந்த இல்லத்துக்காரர்களிடம் லிப்டை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினார். அந்த நெட்டைக் காலுக்கு ஈடுகொடுத்து அம்மாவும் ஓடினார். மூன்றாவது மாடியில் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு முதியவர் நின்றிருந்தார். கதவு திறந்திருந்தது. பெட்டி கீழே இரண்டாவது மாடிக்குப் போய் நின்றிருந்தது. அவருக்கும் அந்தப் பள்ளத்துக்கும் நடுவில் நடைவண்டியின் முன்சக்கரம் மட்டும்தான். யாருக்கோ வழிவிட்டு நிற்பவரைப்போல நின்றிருந்தார். "லிப்டைக் காணோம், ரொம்ப நேரமா நிக்கிறேன்" என்றார் எங்களிடம். அம்மா அவரை அப்படியே பின்னாலிருந்து கட்டிக்கொண்டார். நெட்டை படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலை அந்த இல்லத்து வாசலிலேயே நின்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அம்மா கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுச் சரிபார்க்காமல் விட்ட இரண்டு பிரேக். வாத்தியாருக்கு வெளிச்சம் குறைந்தால் எழுத்து தெரியாதாம், இரண்டு வருஷமாக மறைத்திருக்கிறார். இவ்வளவுக்கும் மேலேதான் ஜனங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். பொறுப்பைப் பிடுங்கிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம். உங்கள் தங்கையிடம் அன்றே சொன்னேன். "தெரியும்" என்றாள். ஒரு பையை எடுத்துக்கொண்டு அங்கே கிளம்பியிருக்கிறாள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவள் வந்து சேர்ந்திருப்பாள். அவளை ஒன்றும் கேட்காதீர்கள், அவள்மேல் தப்பில்லை.

வீட்டில் தனியாக இருக்கிறேன். பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஆனால் இது வேறு பயம்.


ஏப்ரல் 20

மாப்பிள்ளைக்கு,

தங்கச்சி இங்கேதான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். உங்களைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பி வருவாளா என்று என்னைக் கேட்காதீர்கள், அது அவள் பாடு.

அலுவலகத்திலிருந்து மேலாளரே வந்திருந்தார். விசாரணைத் தாளில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டார்களாம். பழைய வேலைக்கு வரச் சொல்கிறார். இரண்டு நாள் யோசித்தேன். சீட்டு ஒட்டும் அறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கிடங்கில் யாரோ கூப்பிட்டதும் நேற்று சட்டென்று திரும்பிவிட்டேன், அதில் ஒரு ஆசை வந்துவிட்டது.

வருகிறேன் என்று சொன்னேன். நெட்டையை வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள். அடுத்தது உங்கள் விஷயம். பொறுப்பு இனி உங்களுக்குக் கிடையாது, குழுவில் ஆளாக வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது என் இஷ்டம் என்றார் மேலாளர்.

உங்களை மன்னிக்கவில்லை. பாட்டுக்காரரிடமும் பேசினேன், அவரும் மன்னிக்கவில்லை. "ஆனா இனிமே அந்த ஆளு கீழ இருந்து பொய் சொல்ல மாட்டாரு, மத்தவங்களப் பத்தி எனக்குத் தெரியாது" என்றார். நான் யோசித்துப் பார்த்ததும் அதைத்தான். தைரியசாலிகளை வைத்து வேலை வாங்கிப் பார்த்துவிட்டேன். எனக்கு இப்போது குழிக்குள் பயந்தவர் ஒருவர் வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு மோட்டார் அறைச் சாவியை என்னிடம் கொடுப்பார்கள். சுவிட்சில் கை வைக்க வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு இப்போதே வியர்க்கிறது, மாப்பிள்ளை. நீங்கள் வந்துவிடுங்கள்.